முறை வைத்துத் தூங்கிய பள்ளிக்கூடம்

ஆலையில் வேலை செய்யும் பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரமாவது பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தது. உட்கார வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது. படிக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாடம் சொல்லித் தருகிறவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. நூற்பாலை முதலாளி அந்தச் சட்டத்தை வரிவரியாகப் படித்தார். வாழ்நாளில் அவர் அவ்வளவு அக்கறையாகப் படித்தது அது ஒன்றைத்தான் என்று என் அம்மா சொல்வாள். படித்து முடித்ததும் மானேஜரைக் கூப்பிட்டார். மானேஜர் என் பெரியம்மாவைக் கூப்பிட்டார். பெரியம்மா டீச்சர் ஆனது இப்படித்தான்.

இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. பாதி அம்மா சொன்னது, மீதி அவளுடைய அக்காவான பெரியம்மா சொன்னது. இருவர் சொல்வதும் பல இடங்களில் ஒத்துப் போகாது. முதலாளியைத் திட்டும் இடங்களில் மட்டும் அச்சடித்த மாதிரி ஒன்றாகவே இருக்கும்.

அப்போது பெரியம்மாவுக்கு இருபத்து மூன்று வயது. மூன்று மாதத்துக்கு முன்பு, பஞ்சைச் சிக்கெடுக்கும் மிஷினின் பல்சக்கரம் அவளுடைய வலது கையில் சுண்டு விரலையும் மோதிர விரலையும் தின்றுவிட்டிருந்தது. ஆலையில் அவளை 'மூணுவிரல்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கேலிக்காக இல்லை. அங்கே யாருக்கும் இழந்ததை வைத்துத்தான் பேர். கொதிகலனில் நிலக்கரி அள்ளிப் போடுகிறவர் 'செவிடு'. நூற்புப் பகுதி மேஸ்திரி 'நொண்டி'. எதையும் இழக்காதவர்களுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

மானேஜர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்.

"நூறு வரைக்கும் எண்ணத் தெரியுமா?"

"கை போனதுலேருந்து நூல்கண்டு எண்ணிக்கிட்டுதான சார் இருக்கேன்."

"எழுத்து?"

"சின்ன வயசுல எட்டு மாசம் பள்ளிக்கூடம் போனேன் சார். அப்புறம் தங்கச்சி பொறந்துட்டா, தூக்கி வச்சுக்க ஆள் இல்ல."

அந்தத் தங்கச்சி என் அம்மாதான். இந்த இடம் வரும்போதெல்லாம் அம்மா, "அதுக்கு நான் என்னடி பண்ணுவேன், நானா பொறந்தேன்?" என்று என்மேல் எரிந்து விழுவாள்.

"எட்டு மாசம் போதும்," என்றார் மானேஜர். "கை ஒழுங்கா இருந்தா உன்ன மிஷினுக்கே அனுப்பியிருப்பேன். இல்லாததால டீச்சர்."

கொதிகலன் கட்டடத்தை ஒட்டி, கழிவுப் பஞ்சு போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. அதைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு பக்கச் சுவர் எப்போதும் அடுப்பு மாதிரி கொதிக்கும். ஜன்னல் கிடையாது. மேலே ஒரு துவாரம் மட்டும் உண்டு, அதில் புறாக்கள் குடியிருந்தன. கரும்பலகை வாங்குவானேன் என்று, உடைந்த அலமாரியின் கதவைக் கழற்றி அதில் தார் பூசி மாட்டினார்கள். தார் மேல் சாக்பீஸ் எழுதுமா? வழுக்கிக்கொண்டு போயிற்று. மேஸ்திரி யோசித்து, லாரிகளுக்குப் பெயர் எழுதும் பெயின்டரைக் கூட்டி வந்தார். அவன் வெள்ளை பெயின்டில் உயிரெழுத்துகளை எழுதினான். முதல் எழுத்துகளைப் பெரிதாகப் போட்டுவிட்டதால் கடைசியில் இடம் போதவில்லை. ஔ என்ற எழுத்தை விட்டுவிட்டுப் போய்விட்டான்.

அழிக்க முடியாத அந்தப் பதினோரு எழுத்துதான் நான்கு வருஷத்துக்கும் பாடம். பதினோரு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன எழுதலாம்? ஆ எழுதலாம், ஈ எழுதலாம். மாடும் பூச்சியும் ஆயிற்று. மனுஷனைப் பற்றி எழுத ஒரு வார்த்தை கிடையாது.

பிள்ளைகள் நாற்பத்து மூன்று பேர். பாதிப் பேர் காலையில் மிஷினுக்குப் போய்விட்டு மதியம் பள்ளிக்கு வருவார்கள். மீதிப் பேர் காலையில் பள்ளிக்கு வந்துவிட்டு மதியம் மிஷினுக்குப் போவார்கள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். உள்ளே வந்து சுவரில் சாய்ந்தால் அடுத்த நொடி தூக்கம். சுவர் வேறு வெதுவெதுப்பாக இருக்கிறது, கேட்க வேண்டுமா?

முதல் வாரம் பெரியம்மா அவர்களை எழுப்பிப் பார்த்தாள். குச்சியால் தரையில் தட்டினாள், தண்ணீர் தெளித்தாள், காதைக்கூடத் திருகினாள். ஒரு பையன் எழுந்து நின்று, கண்ணைத் திறக்காமலே "அ, ஆ" என்று சொல்லிக்கொண்டே சரிந்து விழுந்தான். நெற்றியில் புடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அவள் யாரையும் எழுப்பவில்லை.

ஆனால் பள்ளிக்கூடம் என்றால் சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் மேஸ்திரி எட்டிப் பார்ப்பார். அதனால் பெரியம்மா முறை வைத்தாள். ஐந்து பேர் விழித்திருந்து ராகம் போட்டுக் கத்த வேண்டும். மற்றவர்கள் தூங்கலாம். கத்துகிறவர்களுக்குத் தொண்டை கட்டினால் அடுத்த ஐந்து பேரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு இவர்கள் படுத்துக்கொள்வார்கள். கதவோரம் ஒருத்தி காவல். மேஸ்திரி தலை தெரிந்தால் அவள் இரும, எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மேஸ்திரி முதலாளியிடம் போய், பள்ளிக்கூடம் பிரமாதமாக நடக்கிறது, சத்தம் தாங்க முடியவில்லை என்று சொன்னாராம்.

சனிக்கிழமை தோறும் ஆபீஸ் குமாஸ்தா ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவருவார். பிள்ளைக்கு ஒன்று வீதம் நாற்பத்து மூன்று சான்றிதழ். இன்னார், இன்ன வயது, இந்த வாரம் இத்தனை மணி நேரம் பாடம் கேட்டார் என்று அவரே எழுதியிருப்பார். அடியில் பெரியம்மா கையெழுத்துப் போட வேண்டும். அவளுக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. குமாஸ்தா ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, "இத அப்படியே பாத்து வரைஞ்சுடு, போதும்," என்றார். மூன்று விரலால் அவள் அதைப் படம் வரைகிற மாதிரி வரைந்து பழகினாள்.

"மேல என்ன சார் எழுதியிருக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம்.

"எழுதியிருக்கிறது உனக்கு எதுக்கு? அது கவர்மென்டு படிக்கிறதுக்கு."

அம்மா அப்போது நூல் சுற்றும் பகுதியில் வேலை பார்த்தாள். அக்காவும் தங்கையும் ஒரே அறையில் குடியிருந்தார்கள். "நீ டீச்சர், நான் கலெக்டர்," என்று அம்மா சிரிப்பாள். பெரியம்மாவுக்குக் கோபம் வராது. "சும்மா கெட. கூரைக்குக் கீழ உக்காந்து சம்பளம் வருது. பிள்ளைங்களும் ரெண்டு மணி நேரம் மிஷினப் பாக்காம இருக்குதுங்க," என்பாள்.

வருஷத்துக்கு ஒரு முறை பள்ளி இன்ஸ்பெக்டர் வருவார். படித்தவர், கண்ணாடி போட்டவர், மூக்கில் கைக்குட்டையை வைத்தபடியே உள்ளே நுழைவார். பள்ளிக்கு இருந்தது ஒரே புத்தகம். பெரியம்மா அதில் ஒரு பக்கத்தை, வெளியூரில் படித்து லீவுக்கு வந்திருந்த 'செவிடு'வின் மகளிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பசு நமக்குப் பால் தரும், பசு சாதுவான பிராணி, அவ்வளவுதான். முதல் வருஷம் இன்ஸ்பெக்டர் ஒரு பையனைப் படிக்கச் சொன்னார். அவன் புத்தகத்தைத் திறந்தான். ரயில் படம் போட்ட பக்கம் வந்தது. கொஞ்சமும் அசராமல் ரயிலைப் பார்த்துக்கொண்டே, "பசு நமக்குப் பால் தரும்," என்று படித்தான். இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லது," என்றார். துவாரத்தை அண்ணாந்து பார்த்து, "காற்றோட்டம் இருக்கிறது," என்று குறித்துக்கொண்டார். பிறகு முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனார்.

மூன்று வருஷம் மூன்று முறை வந்தார். ஒரு முறைகூடப் புத்தகத்தை டீச்சர் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். மடையர் அல்ல அவர். கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் கொடுக்கவில்லை என்பது பெரியம்மாவின் கட்சி. தெரியாமல் செய்கிறவனைவிடத் தெரியாத மாதிரி இருக்கத் தெரிந்தவன்தான் பெரிய உத்தியோகத்துக்குப் போவான் என்பாள்.

முதலாளியின் மனைவியும் ஒரு நாள் வந்தாள். பட்டுப் புடவைத் தலைப்பைத் தரையில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசினாள். "உங்களுக்கெல்லாம் ரொம்பப் படிப்பு தேவையில்ல. படிச்சா வேலை செய்ய உடம்பு வளையாது. ஒழுக்கம்தான் முக்கியம்," என்றாள். ஆளுக்கு ஒரு சோப்புக் கட்டியும், அச்சடித்த ஒரு அட்டையும் கொடுத்தாள். சோப்பைப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை, டீச்சருக்கும் தெரியவில்லை. வரிசையாகச் சுவரில் ஒட்டிவைத்தார்கள். 'பொய் சொல்லாதே' என்று நாற்பத்து மூன்று முறை அந்தச் சுவர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. பெரியம்மா அதற்குக் கீழே உட்கார்ந்துதான் சனிக்கிழமை தோறும் கையெழுத்து வரைந்தாள்.

நான்காவது வருஷத்தில் கடுகு செத்துப்போனாள்.

ஆள் பொடியாக இருந்ததால் மற்றப் பிள்ளைகள் அவளுக்குக் கடுகு என்று பேர் வைத்திருந்தார்கள். ராகம் போடுகிற ஐந்து பேரில் அவள் இருந்தால் மற்ற நான்கு பேரும் வாயை மட்டும் அசைத்தால் போதும், அவ்வளவு குரல். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா ஆலையிலேயே கழிவுப் பஞ்சு கூட்டுகிறவள். கடுகுக்கு ஓடுகிற மிஷினுக்கு அடியில் நுழைந்து விழுந்த பஞ்சைப் பொறுக்குகிற வேலை. குனிய வேண்டிய அவசியமே இல்லாத உயரம் என்று மேஸ்திரி பெருமையாகச் சொல்வார். ஒரு திங்கட்கிழமை அவளுடைய சட்டைக் கை மிஷினை ஓட்டும் தோல் பட்டையில் மாட்டிக்கொண்டது. மிஷினை நிறுத்துகிற கைப்பிடி அறையின் அந்தக் கோடியில் இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போயிற்று.

பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளை ஓடும் மிஷினுக்கு அடியில் அனுப்பக் கூடாது என்று அதே சட்டத்தில் இன்னொரு வரி இருந்தது. கடுகுக்கு ஒன்பது வயது. தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் கூடினார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சர்க்கார் விசாரணை வைத்தது. முதலாளி பதறவே இல்லை. இரும்புப் பெட்டியிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து வக்கீலிடம் கொடுத்தார். வாரா வாரம், கடுகுக்கு வயது பதின்மூன்று என்று அதில் எழுதியிருந்தது. கீழே பெரியம்மாவின் கையெழுத்து இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் மானேஜர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான்கு வருஷத்தில் அவர் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒண்ணும் பயப்படாத. பொண்ணோட அம்மாதான் பதிமூணுன்னு சொன்னா, அத நம்பி எழுதினேன்னு சொல்லிடு. முடிஞ்சுது."

"அவ அப்படிச் சொல்லலயே சார்."

"சொல்லலன்னு யாருக்குத் தெரியும்? அவ சொல்றத யாரு கேக்கப்போறா?" மானேஜர் மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தார். "உன் தங்கச்சி நூல் சுத்துற எடத்துலதான இருக்கா? நல்லா வேலை செய்யறாளாமே."

பெரியம்மா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவ்வளவு நல்லவளாக இருக்கவில்லை. அதை அவளே ஒப்புக்கொள்வாள். "சொல்லிட்டுப் போயேன்கா," என்றாள். "செத்தவ திரும்பி வரப்போறாளா?"

பெரியம்மா முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டாள்.

விசாரணை ஆலை ஆபீஸின் பெரிய ஹாலில் நடந்தது. ஒரு நீட்டு மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைவர், ஒரு பக்கம் டாக்டர், இன்னொரு பக்கம் பள்ளி இன்ஸ்பெக்டர். ஆமாம், அவரேதான். தான் பார்த்த பள்ளியைத் தானே விசாரிக்க வந்திருந்தார். சான்றிதழ்களை எழுதிய குமாஸ்தா அந்த வாரம் பார்த்து லீவில் போயிருந்தார். பின்னால், ஹால் நிறையத் தொழிலாளர்கள். கடுகின் அம்மா முதல் வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வக்கீல் ஒரு சான்றிதழைப் பெரியம்மாவிடம் நீட்டினார்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமாங்க."

"மேலே வயது என்று போட்டிருக்கிற இடத்தைச் சபைக்குப் படித்துக் காட்டு."

பெரியம்மா காகிதத்தைப் பார்த்தாள். தெரிந்த எழுத்து அங்கங்கே ஒன்றிரண்டு இருந்தது. கும்பலில் முகம் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்ததாம், கூப்பிட்டுப் பேசத்தான் முடியவில்லை.

"படிம்மா," என்றார் தலைவர்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

மேஜைக்குப் பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர்தான் என்பாள் அம்மா. பத்திரிகைக்காரர்கள் குனிந்து எழுதினார்கள்.

"நாலு வருஷமா டீச்சர். படிக்கத் தெரியாதா?" என்றார் வக்கீல்.

"தெரியாதுன்னு மானேஜருக்குத் தெரியும்ங்க. குமாஸ்தா எழுதிட்டு வருவாரு, நான் அடியில வரைவேன். இதோ, இந்த ஐயா மூணு தடவ வந்தாரு. பிள்ளைங்களப் படிக்கச் சொன்னாரு. என்ன ஒரு தடவகூடப் படின்னு சொல்லலயே."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்," என்றார் தலைவர். "படிக்கத் தெரியாதென்றால், தினம் இரண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைகளுக்கு நீ என்னதான் செய்தாய்?"

"தூங்க விட்டேன்."

"என்ன?"

"தூங்க விட்டேங்க. அஞ்சு பேரக் கத்தச் சொல்லிட்டு மத்தவங்களத் தூங்க விட்டேன். என்கிட்ட குடுக்கறதுக்கு அதுதான் இருந்துச்சு."

ஹாலின் பின்வரிசையில் யாரோ ஒருத்தி அழுதாள்.

இவ்வளவு சொன்னதற்குப் பலன் கிடைக்காமல் போகுமா? கிடைத்தது. எழுத்தறிவில்லாத பெண் ஒருத்தி ஆலையையும் சர்க்காரையும் நான்கு வருஷம் ஏமாற்றினாள் என்று பத்திரிகைகள் எழுதின. முதலாளி, நம்பி மோசம் போனேன் என்று கண் கலங்கினார். சில்லறை அபராதம் கட்டினார். அடுத்த ஆறு மாதத்தில் தன் அப்பா பேரில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் கட்டித் திறந்தார். ஏழைகளின் கல்விக்காகத் தன்னை அர்ப்பணித்தவர் என்று மாலை போட்டார்கள். அந்தப் பள்ளிக்குப் பட்டம் வாங்கிய வாத்தியார் வந்தார். பிள்ளைகள் அதே மிஷினில் அதே நேரம் வேலை செய்துவிட்டு அங்கே போனார்கள். ஒரே வித்தியாசம், தூங்கினால் பிரம்படி விழுந்தது. இன்ஸ்பெக்டருக்குப் பதவி உயர்வு. பெரியம்மாவுக்கு வேலை போயிற்று. மறுநாள் அம்மாவுக்கும் போயிற்று.

அம்மா ஒரு வருஷம் அக்காவோடு பேசவில்லை. இரண்டு பேரும் இருந்ததோ பத்தடி அறை. "தண்ணி வந்திருக்கு," என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள் அம்மா. பெரியம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போவாள். "சோறு வெந்துருச்சு," என்று பெரியம்மா அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். கடைசியில் ஒரு நாள் குடத்தை யார் உடைத்தது என்று பெரிய சண்டை வந்து, அதில் பேச்சு வந்துவிட்டது.

கடுகின் அம்மா ஒரே ஒரு முறை வந்தாள். உள்ளே வரவில்லை.

"கையெழுத்துப் போட்டது உன் கைதான?"

"என் கைதான்."

"மிச்சம் இருந்ததே மூணு விரல். அதையும் அவங்களுக்கே குடுத்துட்ட," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதலாளியை, மானேஜரை, இன்ஸ்பெக்டரைப் பற்றியெல்லாம் பெரியம்மாவுக்கு விதவிதமான வசவு உண்டு. கடுகின் அம்மாவுக்கு மட்டும் வசவு கிடையாது. "அவ சொன்னது நெசம்," என்பாள்.

பிறகு அவளுக்கு ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. அச்சடித்த தாள்களை மடித்து, அடுக்கி, தைக்கிற வேலை. கட்டைவிரலும் அதை அடுத்த இரண்டும் இருந்தால் தாள் மடிக்கலாம். அந்த அச்சகத்தில் ஈய அச்செழுத்துகளைக் கோர்க்கிறவர் ஒருவர் இருந்தார். சிடுமூஞ்சி. வெற்றிலைக் கறையும் மைக்கறையுமாக இருப்பார். அவரிடம் போய் இவள், கழிவுத்தாள் ஒன்றைக் காட்டி, "இது என்ன எழுத்து?" என்று கேட்டாள்.

"நாலு வருஷம் டீச்சரா இருந்தியாமே. பேப்பர்ல படிச்சேன். உனக்கு நான் ககர வரிசை சொல்லித் தரணுமா?"

"ஆமா. சொல்ல முடியுமா, முடியாதா?"

அவர் சொன்னார். திட்டிக்கொண்டே சொன்னார். தினம் ஒன்று, சில நாள் இரண்டு. பெரியம்மா மடிக்கிற தாளிலெல்லாம் அன்றைய எழுத்தைத் தேடிக்கொண்டே மடிப்பாள். விசேஷ அழைப்பிதழ், மருந்து விளம்பரம், வழக்குப் பட்டியல் என்று எது வந்தாலும் அவளுக்குப் பாடப்புத்தகம்தான். இரண்டு வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. மூன்றாம் வருஷத்தில் எழுத வந்தது. "இதுல என்ன பெரிய கம்பசூத்திரம் இருக்கு?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். "இத வச்சுக்கிட்டா இவனுங்க இவ்வளவு ஆட்டம் ஆடுறானுங்க?"

விசாரணை அறிக்கையைச் சர்க்கார் புத்தகமாகப் போட்டிருந்தது. தொழிலாளர் சங்கத்தின் வாசகசாலையில் அது ஒன்று இருப்பதாகத் தெரிந்து பெரியம்மா போய்க் கேட்டாள். அங்கிருந்தவர் பரண்மேல் தேடித் தூசி தட்டிக் கொடுத்தார். வெளிவந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பக்கங்களின் ஓரம், அச்சகத்தில் மடித்து அனுப்பியபடியே, வெட்டாமல் ஒட்டியிருந்தது. ஒருத்தர்கூட அறுத்துப் பார்க்கவில்லை. ஏழைப் பிள்ளைகளின் கல்வி பற்றி அவ்வளவு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து எழுதியது. படிக்க ஒரு நாதி இல்லை. பெரியம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அச்சகத்தில் தாளை அழுத்தி மடிக்கும் மூங்கில் பட்டையால் ஓரங்களைக் கீறினாள்.

அறுபத்து நான்கு பக்கம். வேலை முடிந்து வந்து அரைப் பக்கம், ஒரு பக்கம் என்று வாய்விட்டுப் படிப்பாள். அம்மா சமைத்துக்கொண்டே கேட்பாள். அதற்குள் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஒரு வயது, அம்மா இடுப்பில் இருந்தேனாம். இரண்டு மாதம் ஆயிற்று. கடைசி வரியைப் படித்துவிட்டுப் பெரியம்மா புத்தகத்தை மூடினாள்.

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா.

"அவ்வளவுதான்."

"நீ இன்ஸ்பெக்டரப் பத்திச் சொன்னியே, அது எங்க?"

"இல்ல. அதப் போடல." பெரியம்மா மறுபடி புரட்டினாள். "இவனுங்களுக்கு எழுதவே தெரியலடி. இதக் கேளு. 'சிறுமி இயந்திரத்தில் சிக்க நேர்ந்தது.' யாரு அனுப்பினா? தெரியாது. 'வயது தவறாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது.' யாரு பதிஞ்சா? தெரியாது. 'சான்றிதழ்கள் அலுவலகத்தில் தயாரிக்கப்பட்டு வந்தன.' தானாவே தயாராயிருக்கு. பக்கம் பக்கமா நடந்துக்கிட்டே இருக்கு, செஞ்சவன் ஒருத்தனும் இல்ல. அறுபத்து நாலு பக்கத்துல ஒரே ஒரு எடத்துலதான் ஆளு வருது."

"எங்க?"

"'ஆசிரியை பிள்ளைகளைத் தூங்கவிட்டாள்.'"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாளாம்.

அந்த வாரம் பெரியம்மா இன்ஸ்பெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் அப்போது கல்வி இலாகாவில் பெரிய அதிகாரி. வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் கடிதம். எனக்கு மனப்பாடம் ஆகும் அளவுக்கு அதைச் சொல்லியிருக்கிறாள். 'நீங்கள் மூன்று முறை வந்தீர்கள். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டீர்கள். பையன் ரயிலைப் பார்த்துப் பசு என்று படித்தான். நீங்கள் நல்லது என்றீர்கள். குமாஸ்தா பொய் எழுதினார். மானேஜர் எழுதச் சொன்னார். முதலாளி அதைப் பெட்டியில் வைத்துக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.' இப்படியே ஒன்றரைப் பக்கம். ஆள் இல்லாத வாக்கியம் ஒன்றுகூட இல்லை. தன்னையும் விடவில்லை.

அதை எடுத்துக்கொண்டு கடுகின் அம்மா வீட்டுக்குப் போனாள். அந்த அம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியம்மா எதிரே நின்றபடியே கடிதத்தை முழுக்கப் படித்துக் காட்டினாள். ஒரு தடவை தடுக்கி, திரும்பவும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"வயசு போட்டியா?" என்று கேட்டாள் அவள்.

போடவில்லை. அவ்வளவு யோசித்து எழுதியும் அது விட்டுப்போயிருந்தது.

"போடு. ஒன்பதுன்னு போடு. எண்ணால போடாத, எழுத்தால எழுது. எண்ண மாத்திடுவானுங்க."

பெரியம்மா சுவரில் தாளை வைத்து, ஒன்பது என்று எழுதினாள். அந்த அம்மாள் கைநாட்டு வைத்தாள்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது, முத்திரை போட்ட நீள உறையில். பெரியம்மா அதை நேரே அங்கே கொண்டுபோய்த்தான் பிரித்தாள்.

"'தங்கள் கடிதம் பெறப்பட்டது. உரிய முறையில் பரிசீலிக்கப்படும்.'"

"அப்படின்னா? என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல."

"பின்ன எதுக்கு எழுதியிருக்கான்?"

"எழுதத் தெரியும்ல, அதான்."

கடுகின் அம்மா சிரிக்கவில்லை. உள்ளே வா என்றும் கூப்பிடவில்லை. கீரைக் கட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படியில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கட்டை எடுத்து ஆய ஆரம்பித்தாள்.